காலிப் பீப்பாய்

பெரிய கம்பெனி பீர் என்றாலே ஒட்மாருக்கு வேப்பங்காயாய்க் கசக்கும். "அது பாத்திரம் கழுவின தண்ணி" என்று ஜெர்மனியில் தன் ஊரான பாம்பெர்க் முழுக்கச் சொல்லித் திரிந்தவர். ஆனால் அந்தத் தண்ணி வரும் ஐந்து லிட்டர் தகரப் பீப்பாய் மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. ரப்பர் மூடியை நெம்பி எடுத்துக் கழுவினால், வீட்டில் காய்ச்சும் பீரை அதிலேயே அடைத்துக்கொள்ளலாம்.

ஐந்து பீப்பாய் தேவைப்பட்டது. கடையில் காலியாகத் தரமாட்டார்கள். பீரைச் சாக்கடையில் கொட்டுவதோ அந்த ஊரில் மகாபாவம். ஆகவே அந்தத் தியாகி மூன்றே வாரத்தில் இருபத்தைந்து லிட்டரையும் முகத்தைச் சுளித்தபடியே குடித்துத் தீர்த்தார்.

"கஷ்டப்பட்டுத்தான் குடிக்கிறேன், ரோஸ்விதா."

"தெரியுதே. கோப்பைல ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டேங்கறியே" என்றாள் மனைவி.

பிறகு தன் பீரை நிரப்பி, நுரை பொங்கக் கொஞ்சம் சர்க்கரை போட்டு மூடி, இரண்டு வாரம் காத்திருந்தார். சனிக்கிழமை மதியம் முதல் பீப்பாயைத் திறந்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். முப்பது வருஷமாகக் காய்ச்சும் அதே பீர்தான். நாக்குதான் இப்போது அந்த நாக்கு இல்லை.

"எப்படிய்யா இருக்கு?"

"பிரமாதம்" என்று கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு சைக்கிளை எடுத்தார். "கடை வரைக்கும் போயிட்டு வரேன். அடுத்த தடவைக்கு ஒரு காலிப் பீப்பாய் குறையுது."

"ரெண்டா வாங்கிட்டு வாய்யா" என்றாள் ரோஸ்விதா. "நீ தனியாக் கஷ்டப்படறதை நான் எத்தனை நாள்தான் பாத்துக்கிட்டு இருக்கிறது?"