அப்பா எடுத்த அழைப்பு

கணினித் துறையில் முன்னேறத் துடிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் காணொளியில் புத்தி சொல்லுகிறவள் நான். எந்தப் பாடநெறி இலவசம், சுயவிவரத்தில் எதை வெட்டி எறிய வேண்டும், கரண்ட் போனாலும் நேர்முகம் அறுந்துவிடாமல் இருக்க என்ன வாங்கி வைக்கலாம் என்று கண்டுபிடித்ததையெல்லாம் கொட்டுவேன். கஜானி அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று பேர். சொந்த விஷயத்தில் அந்தக் கஜானி அக்கா எவ்வளவு பெரிய மொக்கு என்பதையும் கேளுங்கள்.

சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் வேலைக்கு எல்லா நேர்முகங்களும் முடிந்துவிட்டன. மிச்சம் ஒரு சடங்குதான். வெளிநாட்டுக்கு எடுக்கிறவர்களின் வீட்டாரோடு ஒருமுறை கதைத்துப் பார்ப்பது அவர்களின் வழக்கம். சம்மதித்த பலரை வீட்டார் கடைசி நேரத்தில் மறித்த அனுபவமாம். அப்பாவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்தேன். வேறு யாருடையதைக் கொடுப்பேன்? என்னைப் படிப்பித்தவர் அவர். அழைப்பு வரும், ஆங்கிலத்தில் கதைத்தால் பயப்பட வேண்டாம் என்று சொல்லியும் வைத்தேன்.

அடுத்த கிழமை, மன்னிக்கவும் என்று மின்னஞ்சல் வந்தது. அப்பாவிடம் ஓடினேன். யாரோ தமிழில் கதைத்ததாகவும், பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறோம், வேலையை விட்டுவிடுவாள் என்று தான் சொன்னதாகவும் சொன்னார். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அந்த நாட்களில் என் சாதகம் நாலு வீடு திரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை பகுதிதான் விசாரிக்கிறது என்று நினைத்து, பெண்ணைப் பெற்றவர்கள் வழக்கமாகச் சொல்வதை மனுசன் ஒப்புவித்திருக்கிறார். நான் அப்படிச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தார்.

அதையும் ஒரு காணொளியாக்கினேன். யார் எடுப்பார்கள், எந்த மொழியில் கதைப்பார்கள் என்று வீட்டில் வடிவாக விளங்கப்படுத்தி வையுங்கள் என்பது அறிவுரை. அப்பாவைப் போலவே கதைத்து நடித்துக் காட்டினேன். கனடாவில் இருந்தெல்லாம் பார்த்தார்கள். பாவம், ஒன்றும் அறியாத மனுசன் என்று கீழே எழுதினார்கள். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் பார்த்துச் சிரித்துவிட்டு வெங்காயத் தோட்டத்துக்குப் போனார்.

அந்தச் சிங்கப்பூர் வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டு, நிறுவனத்துக்காக அப்பாவோடு கதைத்த கொழும்புக்காரர் தனோஜனைத் தொலைபேசியில் பிடித்தேன். நடந்த கூத்தைச் சொல்லி, அப்பாவிடம் இன்னொருமுறை கேட்கும்படி மன்றாடினேன்.

"உங்கடை காணொளியை நானும் பாத்தனான் தங்கச்சி. அப்பா ஒண்டையும் பிழையா விளங்கிக்கொள்ளேல்லை. எந்த நிறுவனம், என்ன வேலை, எத்தினை வருசத்துக்கு எண்டு எல்லாம் கேட்டவர். கேட்டுப்போட்டுத்தான், அவளை வேண்டாம் எண்டு நீங்களே எழுதிவிடுங்கோ, நான் சொன்னதாச் சொல்லாதேங்கோ எண்டவர்."

வெங்காயம் வாங்க வருகிற வியாபாரியிடம் பெயர், ஊர், லொறி இலக்கம் கேட்காமல் விலை சொல்லாத மனுசன் அவர். அவரையா நான் ஒன்றும் தெரியாதவர் என்று ஊருக்கு நடித்துக் காட்டினேன்?

அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார்.

"ஆர் கதைக்கிறது எண்டு தெரிஞ்சுதானே சொன்னனீங்கள்?"

"ஓம்" என்றார். நிமிரவில்லை.

"பிறகேன் மாப்பிள்ளை பகுதி எண்டு நினைச்சதாச் சொன்னனீங்கள்?"

"நான் எங்கை சொன்னனான்? நீதானே சொன்னனீ."

உண்மைதான். அவர் பொய் சொல்லுகிற சிரமத்தைக்கூட நானே மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் கனடா போனவன் திரும்பிப் பார்க்கவில்லை, நீயும் போனால் நாங்கள் தனியக் கிடக்கிறதோ என்று அம்மா அழுதார். அவருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. போகாதே என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சண்டை பிடித்திருப்பேன், பட்டினி கிடந்திருப்பேன், ஒருவேளை நின்றுமிருப்பேன். வேலை போனால் இன்னொன்று தேடலாம். நான் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பழைய காணொளியை நீக்கிவிட்டுப் புதியதொன்று போட்டேன். இந்தமுறை நடிப்பு இல்லை. அப்பா எல்லாம் விளங்கித்தான் சொன்னார் என்றும், வீட்டு இலக்கத்தைக் கொடுப்பதற்கு முன்னர் வீட்டாரின் மனதைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னேன். மத்தியானத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. சந்தையில் யாரோ கேட்டிருக்க வேண்டும், அப்பா பாதியில் திரும்பி வந்தார்.

"அதை எடுத்துவிடு பிள்ளை. நான் எப்பிடி நாலு சனத்துக்கு முன்னாலை போறது?"

என்னிடம் அவர் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. இரக்கம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை.

"நானும் போகவேண்டிய இடத்துக்குப் போகேல்லை அப்பா. நீங்களும் வீட்டிலை இருங்கோ."