நாற்பதாவது கிணறு

எங்கள் ஊரில் மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். வீதி விளக்குக்கு, மதகுக்கு, பாடசாலைக்கு ஆங்கில ஆசிரியர் கேட்டு, எல்லாம் என் கையெழுத்துத்தான். "சித்தி லெய்லா எழுதினா கல்லும் உருகும்" என்று என் பெயரைச் சொல்லிப் பள்ளிவாசல் தலைவர் ஹிஸ்புல்லா ஹாஜியார் கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்தப் புகழ்ச்சியில் மயங்கிப்போன மடைச்சி நான்.

நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழியில் எங்கள் ஊர், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புக் களப்பு. நடுவே மணலுக்கு அடியில் மழைத் தண்ணீர் தங்கி நிற்பதால்தான் வெங்காயம் விளைகிறது, நாங்களும் இருக்கிறோம். கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு இன்னும் தோண்டினால் உப்பு. இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

என் கணவர் றஸீன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. ஜனாஸா இல்லை, கபுறு இல்லை, போய் நின்று ஸலாம் சொல்ல ஓர் இடம் இல்லை. அதனால் வேலியோரம், றோட்டுப் பக்கமாக, அவர் பெயரில் ஒரு கிணறு வெட்டி ஸதக்காவாக, நிலையான தருமமாகக் கொடுத்தேன். அந்தக் கிணற்றில் யார் குடித்தாலும் அதன் நன்மை மௌத்தானவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். வாளியும் கயிறும் எந்த நேரமும் வெளியில் இருக்க வேண்டும். யார் வந்தாலும் வேண்டாமென்று சொல்லக் கூடாது. அல்ஹம்துலில்லாஹ், தண்ணீரும் இனித்தது. தேத்தண்ணிக்கு இதுதான் வேண்டுமென்று அடுத்த தெருவிலிருந்தும் குடத்தோடு வந்தார்கள். ஒவ்வொரு வாளி மேலே வரும்போதும் அவருக்கு ஒரு கடிதம் போட்டதுபோல எனக்கு நிம்மதியாக இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு பக்கத்து ஊருக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று கிடைத்தது. எல்லோரும் அதை 'பில்டர்' என்போம். அவர்களுக்குக் கிடைத்தது எங்களுக்கு இல்லையா என்று ஹாஜியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. நாற்பது கிணறுகளாவது குடிக்க உதவாதவை என்று ஊரார் எழுத்தில் தர வேண்டும் என்றார்கள் கொழும்பில். வெங்காயத்துக்குப் போட்ட உரம் இறங்கி, உண்மையிலேயே கெட்டுப்போன கிணறுகள் பன்னிரண்டு.

"மிச்சத்தையும் எழுதுங்க புள்ள. யாரு வந்து ஒவ்வொரு கிணறா குடிச்சுப் பாக்கப் போறான்?" என்றார் ஹாஜியார்.

எழுதினேன். நல்ல கிணறுகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கெட்ட கிணறுகளாக்கினேன். முப்பத்தொன்பதில் வந்து பேனா நின்றது. ஊரார் கிணற்றுக்கெல்லாம் பழி போட்டுவிட்டு, தன் வீட்டுக் கிணற்றை மட்டும் ஒளித்துவைத்தாள் என்று நாளைக்கு யாராவது சொன்னால்? அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து நாற்பதாவதாக எழுதினேன்: மர்ஹூம் றஸீன் ஞாபகார்த்தக் கிணறு, குடிக்க உதவாது.

வந்த அதிகாரிகள் ஒரே ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்தார்கள். அதையும் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் எடுக்கும்படி நாங்கள் பார்த்துக்கொண்டோம். பில்டர் வந்தது. ஹாஜியார் ரிபன் வெட்டினார். பிறகு யாரோ பெயின்ற் வாளியோடு வந்து, நாற்பது கிணற்றுக் கட்டுகளிலும் சிவப்பு நிறத்தில் குறுக்கே இரண்டு கோடு போட்டுவிட்டுப் போனான். சனம் மெல்ல மெல்லப் பில்டருக்குப் போனது. என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் மகள் அஸ்னாவே தன் பிள்ளைகளை என் கிணற்றில் குடிக்க விடவில்லை.

"நீங்கதானே உம்மா எழுதிக் கொடுத்தீங்க" என்றாள். பில்டர் வருவதற்காக எழுதியது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. சிவப்புப் பெயின்றுக்கு இருக்கும் மதிப்பு பெற்றவளின் பேச்சுக்கு இல்லை.

போன வருடம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னந்தோட்டத்தை வளைத்து வேலி போட்டார்கள். பூமிக்குள் வெகு ஆழத்துக்குக் குழாய் இறக்கி, தண்ணீரையும் மணலையும் மருந்தையும் சேர்த்து அழுத்தி அடித்து, கல்லைப் பிளந்து வாயு எடுப்பார்களாம். அந்த மருந்துத் தண்ணீர் எங்கள் தண்ணீரோடு கலக்காது என்று எங்களுக்கு உறுதி சொன்னவர்கள் ஒருவரும் இந்த ஊரில் குடியிருப்பவர்கள் இல்லை.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பெண்களாகப் பத்தொன்பது நாள் றோட்டில் உட்கார்ந்தோம். பதாகை எழுதினேன், மனு எழுதினேன், கை வலிக்க வலிக்க எழுதினேன். கடைசியில் பாடசாலை மண்டபத்தில் பகிரங்க விசாரணை வைத்தார்கள். வென்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

கம்பெனி சார்பில் பேச றஜீவன் என்றொருவர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நல்ல மரியாதை. நான் எழுந்து எங்கள் கிணறுகளைப் பற்றி ஒரு மூச்சுப் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு சுவரில் ஒரு படம் விழுந்தது. என் மனு. என் முத்து முத்தான கையெழுத்து, ஆள் உயரத்துக்கு.

"இது உங்கட எழுத்தோ அம்மா?"

"ஓம்."

"நாற்பதாவது கிணறு உங்கட வீட்டுக் கிணறுதானே? குடிக்க உதவாது எண்டு நீங்களே எழுதி இருக்கிறியள்."

"அது பொய். பில்டர் கிடைக்கிறதுக்கு நான் எழுதின பொய். எங்கட தண்ணி நல்ல தண்ணி."

"அப்ப நீங்கள் பொய் எழுதினது அண்டைக்கோ, பொய் சொல்லுறது இண்டைக்கோ?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஹாஜியார் எனக்காகப் பேசுவார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து தொப்பியைச் சரி செய்தார்.

"அவ ஆத்திரத்துல பேசுறா. கடுதாசியில இரிக்கிறதுதான் சரி" என்றார்.

மனு பொய் என்றால் பில்டரைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. பத்தொன்பது நாள் என்னோடு வெயிலில் காய்ந்த பெண்களைப் பார்த்தேன். எல்லோரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. என்மேல் வந்தது அதைவிடப் பெரிது.

ஏற்கெனவே குடிக்க உதவாத தண்ணீர், ஆகையால் பாதிப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. அடுத்த மாதம் இயந்திரங்கள் இறங்கின.

ஒரு காலை, பின்னால் தென்னந்தோட்டத்தில் கம்பெனிக்கு வேலை செய்யும் அல்பிரட் என்ற சிலாபத்து ஆள் இரண்டு பிளாஸ்டிக் கானோடு என் வேலியோரம் நின்றான்.

"அக்கா, தண்ணி கொஞ்சம் எடுக்கவா? அந்த பில்டர் தண்ணி சப்பெண்டு இரிக்கு. வாய்ல வைக்க ஏலாது."

வாளியைப் பிடுங்கிக்கொண்டு விரட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் ஸதக்காக் கிணறு. கேட்டவனுக்கு இல்லையென்று சொன்னால் பாவம் எனக்கு, ஒரு வாளி நன்மை குறைவது என் கணவருக்கு. "எடுங்க தம்பி" என்றேன். அவன் அங்கேயே ஒரு வாளி அண்ணாந்து குடித்தான்.

"இந்தப் பக்கத்துலயே இதுதான்கா நல்ல தண்ணி!"

"அத ஒரு கடுதாசியில எழுதித் தருவீங்களா தம்பி?"

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவன் சிரித்தான்.

அன்றிலிருந்து அவனும் மற்றக் கம்பெனி ஆட்களும் தினமும் வந்தார்கள். ஊரார் யாரும் வரவில்லை. என் மண்ணைத் துளைக்க வந்தவர்கள்தான் என் கணவருக்கு நன்மை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அவர்கள் வரும் நேரத்துக்கு வாளியைக் கழுவி வைப்பேன். ஒரு நாள் பிந்தினால் மனம் தவிக்கும். இந்தக் கேவலத்தை யாரிடம் சொல்ல?

நான்கு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை கான்கள் வரவில்லை. போத்தல் தண்ணீர் அடுக்கிய வாகனம் ஒன்று என் வேலியைத் தாண்டிப் போனது. முன்னால் அல்பிரட் இருந்தான். கை காட்டி மறித்தேன்.

"ஏன் தம்பி, இண்டைக்குத் தண்ணி வேணாமா?"

"இனிமே போத்தல் தண்ணிதானாம் அக்கா. மேல இருந்து சொல்லிட்டாங்க."

"ஏன்?"

அவன் என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தான். "நீங்களும் குடிக்காதீங்கக்கா" என்றான், மெதுவாக. வாகனம் போய்விட்டது.

ஒரு வாளி அள்ளினேன். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். வாயில் விட்டேன். இரும்பும் மண்ணெண்ணெயுமாக நாக்கில் ஒட்டியது. துப்ப மனம் வரவில்லை, விழுங்கினேன்.

அன்றே உட்கார்ந்து மனு எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாழ்க்கையில் நான் எழுதிய மனுக்களில் முழுக்க உண்மையானது அதுதான். ஆறு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. மேற்படி கிணறு முன்னரே குடிக்க உதவாதது என்பதைத் தாங்களே உறுதிப்படுத்தியுள்ளீர்கள், இணைப்பைப் பார்க்கவும். இணைப்பில் என் பழைய மனு.

அதே கிழமை ஹாஜியார் வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பில்டருக்கும் தண்ணீர் அதே மண்ணுக்கு அடியிலிருந்துதானே வர வேண்டும்?

"பில்டர் தண்ணியும் நாறுது புள்ள. தண்ணி கொண்டுவாற பவுசர் கேட்டு ஒரு மனு எழுதணும். நீங்க எழுதினாத்தான் சரி வரும்."

இணைப்பை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "எழுதியாச்சு ஹாஜியார். நாப்பது கிணறும் இதுல இரிக்கி."

அவர் அதைப் படித்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஸலாம்கூடச் சொல்லாமல் போனார்.

நான் கிணற்றடிக்குப் போய் வாளியையும் கயிற்றையும் அவிழ்த்தேன். பதினொரு வருடத்தில் அவை வீட்டுக்குள் வந்ததில்லை. தெரிந்துகொண்டே நஞ்சைக் குடிக்கக் கொடுத்தால் அது ஸதக்கா ஆகுமா? குசினி மூலையில் வைத்தேன். அஸ்னா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தக் கிணற்றில் ஒரு மிடறு குடிக்காதவள்.

"வாளிய ஏன் உம்மா உள்ளுக்கு எடுத்தீங்க? வாப்பாட கிணறுதானே?"

கயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.