ஏழாம் நம்பர் கிணறு

காளியப்பனுக்குக் காலையில் காப்பி இல்லாவிட்டாலும் பொழுது விடிந்துவிடும். சந்தேகம் இல்லாமல் விடியாது. சொந்த மச்சான் கல்யாணப் பத்திரிகை வைத்தால்கூட, இவன் எதற்கு இத்தனை சிரிக்கிறான் என்று யோசிப்பார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ரோடு அளக்கிறோம் என்று நாலு பேர் வந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள், தென்னை நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள், போகும்போது தோப்பு நடுவில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பெயிண்டில் நம்பர் எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். ரோடு என்னவோ வரவில்லை. ஆனால் டீக்கடையில் யாரோ ஒருவர், "தண்ணி இருக்கற நெலத்துல கை வெக்க யோசிப்பாங்க, வறண்ட காடுன்னா மொதல்ல எடுத்துக்குவாங்க" என்று சொல்லிவைத்தார். காளியப்பன் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை அவர் தோப்புக்குள் போனபோது, கிணற்றடியில் பன்னிரண்டு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ஊர் மேல்நிலைப் பள்ளியின் பதினோராம் வகுப்பு. கையில் கயிறு, சுத்தியல், நோட்டு. பக்கத்துக் காட்டுக் கிருஷ்ணப்பனுக்கும் அவருக்கும் பொதுவான வரப்பில் கரும்பாறை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதில் ஒருத்தி சில்லு உடைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றுச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக ‘7’ என்று எழுதியிருந்தது. எழுதியது வேறு யாருமில்லை, அவர் பெற்ற மகள் ஐஸ்வர்யாவேதான்.

அந்த மஞ்சள் நம்பர் கல்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. "யாரக் கேட்டு நம்பர் போட்டீங்க?"

"நம்மூரு கெணத்துக்கெல்லாம் வரிசையாப் போடறோங்கண்ணா" என்றார் புவியியல் டீச்சர் புஷ்பமேரி. "எத்தன அடியில தண்ணி நிக்குது, அடியில என்ன பாறை இருக்குதுன்னு பிள்ளைங்களே அளந்து வரைபடம் போடணும். பாடத்துல வருதுங்க."

"பாடத்துல எங்க கெணறு வருதுங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். காளியப்பன் சிரிக்கவில்லை. "படத்தப் போட்டு யாருகிட்டங்க குடுப்பீங்க?"

"பள்ளிக்கூடக் கண்காட்சியில மாட்டுவோம். ஆபீசருங்கல்லாம் வருவாங்க."

ஆபீசருங்க! அப்படிச் சொல்லுங்கள். இந்தத் தடவை பெயிண்டுக்குப் பதில் சாக்பீஸ், ஆளுக்குப் பதில் பிள்ளைகள். என்ன மூளை, என்ன மூளை என்று மனசுக்குள் பல்லைக் கடித்தார். பிறகு குரலில் தேனைத் தடவிக்கொண்டார்.

"படி வழுக்கும், புள்ளைங்க எட்டிப் பாக்க வேணாங்க. குடுங்க, நானே வுடறேன்."

அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிறு, நுனியில் ஒரு கல். முடிச்சுகள் உள்ளங்கையில் உரசிக்கொண்டு இறங்கின. இருபது, முப்பது, ஐம்பது. அறுபதாவது முடிச்சில் கல் தண்ணீரைத் தொட்டது. மீதிக் கயிறு எவ்வளவு என்று யாரும் பார்க்கும் முன் சரசரவென்று இழுத்துச் சுருட்டினார்.

"இருவது அடி. எழுதிக்கங்க."

ஐஸ்வர்யா நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். தினமும் மோட்டார் போடுகிறவள் அவள். எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? அப்பா ஒரு முறை முறைத்தார். அவள் குனிந்து இருபது என்று எழுதினாள்.

"ஏம்ப்பா பொய் சொன்னீங்க? எங்க படமே தப்பாப் பூடும்" என்று சாயந்திரம் கேட்டாள்.

"படம் போனாப் போவுது. காடு போவாம இருக்கட்டும். வாயத் தொறந்தீன்னா பாத்துக்க."

ஒரு மாதம் கழித்துக் கண்காட்சி. என்ன சதி நடக்கிறது என்று நேரில் பார்த்துவிட காளியப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். சுவர் நிறைய வரைபடம். கிருஷ்ணப்பன் கிணறு ஆறாம் நம்பர், அறுபத்திரண்டு அடி. அவருடையது ஏழு, இருபது அடி. இரண்டுக்கும் நடுவில் தடியாக ஒரு கறுப்புக் கோடு.

ஒரு மாணவி குச்சியால் தொட்டுக் காட்டினாள். "பூமிக்கடியில உருகுன பாறைக்குழம்பு விரிசல் வழியா ஏறி இறுகிப்போனதுதான் இந்தத் தீப்பாறை. வரப்புல தெரியறது இதோட தலை. இது மண்ணுக்குள்ள சுவர் மாதிரி நிக்குது. சித்தேரி மலைப் பக்கத்துல இருந்து கசிஞ்சு வர்ற தண்ணி இதுல முட்டி ஏழாம் நம்பர் பக்கமே தேங்கிடுது. அதனாலதான் பக்கத்துப் பக்கத்துக் கெணத்துல நாப்பத்திரண்டு அடி வித்தியாசம்."

எல்லாரும் கை தட்டினார்கள். அவள் சொன்ன அழகில், கிணற்றில் நிஜமாகவே தண்ணீர் ஏறியிருக்குமோ என்று காளியப்பனுக்கே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. ஐஸ்வர்யா மட்டும் கை தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்வரிசை ஆபீசர்களில் ஒருவரான பொறியாளர் எழுந்தார். "மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள எறக்கற கசிவுநீர்க் குட்டை ஒண்ணு ஊருக்கு ஒதுக்கியிருக்காங்க. எங்க வெட்டறதுன்னு முழிச்சிட்டிருந்தோம், பிள்ளைங்களே வழி காட்டிட்டாங்க. சுவருக்கு அந்தப் பக்கம், கிருஷ்ணப்பன் காட்டு ஓடையில வெட்டிடலாம். ஏழாம் நம்பர் பக்கந்தான் தண்ணி தளும்புதே!"

காளியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தளும்புகிறதா? தொள்ளாயிரம் அடி போட்ட போர் புழுதியைத்தான் கக்கியது. முப்பத்திரண்டு தென்னையும் மட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்தக் குட்டை தன் பக்கம் வராவிட்டால் அடுத்த கோடைக்குத் தோப்பு விறகுதான். தன் வாயால் தானே கெட்டோமே, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

"சார், என் கெணத்துல இருவது அடியில தண்ணி இல்லீங்க. அறுவதுங்க!"

பொறியாளர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்தப் பார்வை காளியப்பனுக்குப் புதிதல்ல. ஆயுசு முழுக்க அவர் அடுத்தவரைப் பார்த்த பார்வை அது.

"குட்டைன்னதும் நாப்பது அடி எறங்கிடுச்சுங்களா?"

"எனக்கு வர்றது உனக்குப் பொறுக்கலியா காளியப்பா?" என்றார் கிருஷ்ணப்பன்.

"நீங்கதானேங்கண்ணா கயிறு வுட்டுச் சொன்னீங்க?" டீச்சரின் முகம் வாடிவிட்டது. அத்தனை பிள்ளைகளின் ஒரு மாத உழைப்பு அந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேணும்னா நாளைக்கி வந்து பாருங்க."

"நாளைக்கா? மோட்டார் போட்டு எறச்சிட்டுக் காட்டறதுக்கா? இப்பவே போலாம்" என்றார் பொறியாளர்.

எல்லாரும் கிணற்றடிக்கு வந்தார்கள். ஐஸ்வர்யாதான் கயிறு விட்டாள். பிள்ளைகள் ஒவ்வொரு முடிச்சையும் சத்தமாக எண்ணினார்கள். அறுபத்திநாலாவது முடிச்சில் கல் தண்ணீரைத் தொட்டது. ஒரு மாதத்தில் இன்னும் நாலடி இறங்கியிருந்தது.

"அப்போ ரெண்டு கெணத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மட்டந்தான். அந்தப் பாறை தண்ணியத் தடுக்குதுன்னு சொல்றதுக்கே ஆதாரம் இல்ல" என்றார் டீச்சர் மெதுவாக.

"எந்த நம்பரத்தான் நம்பறது? மொத்தக் கெணத்தையும் மறுபடி அளங்க. குட்டை எங்கன்னு அப்புறம் பாக்கலாம். மொதல்ல ஆறாம் நம்பர்" என்றார் பொறியாளர்.

காளியப்பனுக்கு மூச்சு வந்தது. இன்னும் வழி இருக்கிறது. நாமும் ஒரு கை கொடுப்போம் என்று, சுவரோரம் கிடந்த ஈரக் கயிற்றை எடுக்கக் குனிந்தார். அதற்குள் ஐஸ்வர்யா அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க தொட வேணாம்ப்பா. நீங்க தொட்டா யாரும் நம்ப மாட்டாங்க."

சொல்லிவிட்டு அவள் வரப்பைத் தாண்டிக் கிருஷ்ணப்பன் காட்டுக்குள் நடந்தாள். காளியப்பன் பின்னால் போகவில்லை.