பேரம் பேசாத கடைக்காரர்

திரைச்சீலைக் கடைக்காரரின் மனைவி உட்கார்ந்து துணி அளந்து கிழித்த முக்காலியை ஒருவன் இருநூறுக்குக் கேட்டான். விற்பனைக்கு இல்லாததைச் சும்மா கேட்டுத்தான் பார்த்தான். கடைக்காரர் "சரி" என்றார். அவன் முக்காலியைத் திருட்டுப் பொருள்போல் தூக்கிக்கொண்டு ஓடினான்.

மனைவி இறந்து நான்கு மாதம். ஆண்டுக் கடைசி விடுமுறை வந்துவிட்டது. ஊரெல்லாம் விருந்தாளி, வீடெல்லாம் புதுத் திரைச்சீலை. கேட்ட விலைக்குக் கொடுக்கிறார் என்று தெரிந்தால் கூட்டத்துக்குக் கேட்பானேன்? பேரம் பேச மனிதனுக்குக் கொஞ்சமாவது ஆசை வேண்டும். அவருக்கோ காலையில் செருப்பு மாட்டுவதற்குள்ளேயே ஒரு நாள் வேலை செய்த அலுப்பு.

கல்லாவில் மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், டாக்டரைப் பார்த்துட்டு வாங்களேன்."

"சரி." போனார், பார்க்கவில்லை.

"லீவு ரெண்டு நாளும் எங்க வீட்டுல இருங்க."

"சரி."

வரமாட்டார். பூட்டிய வீட்டுக்குள் தனியே என்ன செய்துகொள்வாரோ என்று அவனுக்குப் பயம்.

சாயங்காலம் தையல்காரம்மா வந்தாள். பத்து வருஷ வாடிக்கை. மனைவியும் அவளும் ஒரு முழத்துக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கு நிற்பார்கள்.

"இந்த நீலம் எவ்வளவு?"

"நானூறு."

"நூறு."

"சரி."

"அம்பது?"

"சரி."

"சும்மாவே குடுங்களேன்."

அவர் துணியை மடிக்கத் தொடங்கினார்.

தையல்காரம்மாவின் முகம் சுண்டியது. கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "உங்க வீட்டம்மா எங்களை நல்லாத்தான் மொட்டையடிச்சாங்க. எப்பவும் ஒரு விரல் குறைச்சுத்தானே கிழிப்பாங்க?"

மைத்துனன் எழுந்தேவிட்டான். கடைக்காரரின் கை மடிப்பில் நின்றது.

"இல்ல," என்றார்.

"என்ன இல்ல? குறைச்சாங்க."

"ஒரு விரல் கூடத்தான் விடுவா! வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க. நானூறு. வேணும்னா எடுங்க, இல்லேன்னா நடையைக் கட்டுங்க."

"முந்நூத்தி எண்பது?"

"முடியாது!"

அவள் நானூறை எண்ணி வைத்தாள். "கூடத்தான் விடுவாங்க. எனக்குத் தெரியாதா?" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் அப்போதுதான் அழுதார். மனைவி இறந்ததிலிருந்து முதல் தடவை. துணிச் சுருள்களுக்கு நடுவே, மூக்கு ஒழுக, அசிங்கமாக. வாங்க வந்தவர்கள் உதறிப் பார்த்த துணிகளைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக நழுவினார்கள்.

மைத்துனன் ஷட்டரைப் பாதி இறக்கினான். "எங்க வீட்டுக்குப் போலாம் அத்தான்."

"முடியாது. அங்க எல்லாரும் சிரிச்சுட்டு இருப்பீங்க. என்னால பார்க்க முடியாது."

"அப்போ நான் உங்க வீட்டுல படுத்துக்கறேன்."

"குறட்டை விடுவியே."

"விடுவேன்."

அவர் முகத்தைத் துடைத்தார். "டாக்டர்கிட்டயும் நீ கூட வந்தாத்தான் வருவேன். போன தடவை பாதி வழியிலேயே திரும்பிட்டேன்."

"தெரியும். வரேன்."

இருவரும் அன்றைய கணக்கைப் பார்த்தார்கள். அசலுக்கும் கீழே போன திரைச்சீலை பத்தொன்பது, முழு விலைக்குப் போனது ஒன்று. துண்டு விழுந்தது ஆறாயிரத்துச் சொச்சம். கடைக்காரர் அதை அடுத்த வருஷக் கணக்கில் தள்ளி எழுதினார்.