சமையலறைக்கு ஒரு முக்கோணம்

ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிய ஜாதகம் பார்க்க வேண்டாம். வீட்டில் எங்கெங்கே கரண்ட் கேட்கிறார் என்று பார்த்தால் போதும். இருபது வருஷமாகத் தாராவியிலிருந்து போய் அடுத்தவர் வீட்டுச் சுவரை உடைத்து வயர் இழுக்கிறவன் சொல்கிறேன்.

செம்பூரில் ராஜசேகர் அண்ணாச்சி தன் ஃபிளாட்டை மொத்தமாகப் புதுப்பிக்கிறார். உடைக்கும் முன்னால் நான் சுவர்களில் சாக்பீஸால் குறி போடுவேன். லைட், ஃபேனுக்கு வட்டம். பிளக்குக்குச் சதுரம். நெட் கேபிள், கேமராவுக்கு முக்கோணம். அண்ணாச்சி கூடவே வந்து இடம் காட்டினார். டிவிக்குப் பின்னால் ஆறு சதுரம். மீன் தொட்டிக்கு இன்வெர்ட்டரிலிருந்து தனி லைன், கரண்ட் போனால் மீனுக்கு மூச்சு முட்டுமாம். பாத்ரூமில்கூட நெட் வேண்டுமாம். எனக்கு அப்போதே வாய் கசந்தது. கூலிக்கு வந்தவன் என்று அடக்கிக்கொண்டேன்.

சமையலறையில் முத்துமாரி அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. நாலு வருஷமாக இந்த வீட்டுச் சமையல் அவள்தான், ராத்திரி படுப்பதும் சமையலறையிலேயே. மூலையில் அவள் பாய் சுருட்டிக் கிடந்தது.

"இந்தக் கேமரா வைஃபையில அடிக்கடி நின்னு போவுது. இதுக்குத் தனியா கேபிள் போட்டுரு" என்று அண்ணாச்சி மேலே ஏற்கெனவே மாட்டியிருந்த கேமராவைக் காட்டினார்.

அடுப்பைப் பார்த்தபடி இருந்தால் பரவாயில்லை. அது நேராகப் பாய் கிடந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அடுப்புப் பக்கமாத் திருப்பிரவா அண்ணாச்சி?"

"வேண்டாம்லே. இருக்க மாதிரியே இருக்கட்டும். களவு போவக் கூடாதுல்லா."

பாயில் என்ன களவு போகும்? அங்கேயே காறித் துப்பத் தோன்றியது. "அக்காவுக்கு ஒரு சுவர் ஃபேன் பாயிண்ட் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? ஜன்னல் இருக்குல்லா" என்றவர் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனி ஊஞ்சலில் போய் உட்கார்ந்தார்.

ஸ்டூலில் ஏறினேன். முக்கோணம் போடக் கை வரவில்லை.

"யக்கா, இந்தக் கேமரா ஒங்க பாயத்தான் பாக்குது. தெரியுமா?"

"தெரியாமலா? கெடந்துட்டுப் போவுது தம்பி. லைட்ட அணைச்சிட்டுத்தான் சேல மாத்துவேன், இருட்டுல அதுக்கு என்ன தெரியப்போவுது?" என்று சிரித்தாள். "ஃபேனுக்கு மட்டும் இன்னொரு வாட்டி கேட்டுப் பாருங்க. வேக்காடு தாங்கல."

இதே மாடலை எத்தனையோ வீட்டில் மாட்டியிருக்கிறேன். சொல்லாமல் இறங்கினால் நானும் அந்த ஆளோடு சேர்ந்தவன்தான்.

"இருட்டுலயும் தெரியும்க்கா. ஃபோன்ல நல்லாவே பாக்கலாம்."

கத்தி நின்றது. "எப்பமிருந்து?"

"மாட்டுன நாள்லேருந்து."

அவள் முந்தானையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள்.

"காலையில இட்லி வைக்கும்போது அண்ணாச்சி ஃபோனப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே இருப்பாரு" என்றாள். "யாரோ ஜோக் அனுப்புதாங்கன்னு நெனச்சி, நானும் கூடச் சேந்து சிரிச்சிருக்கேன் தம்பி."

நான் கேமராவின் கரண்ட் வயரைப் பிடுங்கினேன்.

பால்கனியிலிருந்து உடனே சத்தம் வந்தது.

"எலே, கேமரா நின்னுபோச்சு பாரு!"