கிருஷ்ணகுமாரியின் உபயம்

"வீட்டு மிசினை இங்க கொண்டாந்து வெச்சு யாருக்கு லா கழுவுறது? நாலு பேருக்கா?" கோயில் தலைவர் கமலநாதன் மேசையைத் தட்டினார்.

"மெல்லக் கதையுங்கோ. நீங்க காட்டுற பெரிய பெட்டி ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரிக் கிடக்கு. மெல்பர்னில என்ர மகள் வீட்டில இருக்கிறது இதுதான், கறுப்புக் கண்ணாடி. உபயம் என்ர பேரில." கிருஷ்ணகுமாரியின் குரல் சாலை வரை கேட்டது.

சிம்பாங் ரெங்கம் ஊர் அம்மன் கோயிலின் அன்னதானச் சமையற்கட்டுக்குப் பாத்திரம் கழுவும் மிசின் வாங்கத்தான் அந்தக் கூட்டம். மூலையில் பிரேமலா உட்கார்ந்திருந்தாள். அன்னதானம் என்றால் கழுவுத்தொட்டியடியில் நிற்பவள் அவள். நாலு பேர் பார்க்கிற வாசலில் பாயசம் ஊற்றுபவர் கிருஷ்ணகுமாரி. அதுகூடப் பெரிதில்லை. அவர் மகன் ஹேமநாதனும் இவள் மகள் சாந்தினியும் பழகுவது தெரிந்தபோது, "தட்டுக் கழுவுற வீட்டிலயோ சம்பந்தம்?" என்று பந்தியில் எல்லார் காதிலும் விழக் கேட்டாரே, அதுதான். அன்று முதல் பிரேமலாவுக்கு ஒரே ஆசை: அந்தக் கை ஒருநாள் எச்சில் தட்டைத் தொட வேண்டும்.

"அக்கா சொல்றதுதாங்க சரி," என்று எழுந்தாள் பிரேமலா. "பார்க்க அழகா இருக்கு. அதையே வாங்கலாம்."

கழுவுகிறவளே சொன்ன பிறகு கமலநாதன் பெரிய பெட்டியின் படத்தை மடித்து வைத்தார். கிருஷ்ணகுமாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. உபயம் கொடுத்த குடும்பம்தான் முதல் நாள் அதைத் தன் கையால் புழங்க வேண்டும். அன்றைக்கு வேறு யாரும் அந்த வேலையைத் தொடக் கூடாது. அண்டா கொடுத்த ஐயாசாமிதான் முதல் சோறு வடித்தார். மிசின்தானே, பொத்தானை அமுக்கினால் போச்சு என்று கிருஷ்ணகுமாரி பட்டுப்புடவையில் வந்தார்.

ஆடி வெள்ளி. கோயிலின் பெரிய குழித்தட்டுகள் பத்துப் பதினைந்துக்கு மேல் மிசினுக்குள் நுழையவில்லை. கதவைச் சாத்தினாலோ இரண்டு மணி நேரத்துக்குத் திறக்காது. வெளியே தட்டுக்காக வரிசை நின்றது.

"நாங்க தொடக் கூடாதுங்கக்கா, வழக்கம்." பயபக்தியோடு சொல்லிவிட்டுப் பிரேமலா பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கிருஷ்ணகுமாரி கொசுவத்தைச் செருகிக்கொண்டு தொட்டியில் கையை விட்டார். வளையல் வரை சாம்பாரும் முருங்கைச் சக்கையும். ஊரே எட்டிப் பார்த்தது. பிரேமலா எல்லாருக்கும் ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள்.

"நல்லாத் தேய்ங்கக்கா, ஓரத்துல எண்ணெய் நிக்குது!"

ஹேமநாதன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அம்மா பக்கத்தில் போய் நின்றான். மகன், வழக்கத்துக்குச் சரி. அவன் பக்கத்தில் சாந்தினியும் போய் நின்றாள்.

"அடியே, உபயக்காரங்க குடும்பம் மட்டும்தான் தொடணும்! தெரியாதா உனக்கு?" பிரேமலா கத்தினாள்.

"தெரியும்மா," என்றாள் சாந்தினி, திரும்பாமலே.

கிருஷ்ணகுமாரி தலையைத் தூக்காமல் ஒரு தட்டை அவள் பக்கம் தள்ளினார். பிரேமலாவின் கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது.

தையில் கல்யாணம். பிள்ளைகள் பெக்கான் நானாஸ் ஊரில் வீடெடுத்துப் போனார்கள். கிருஷ்ணகுமாரி மெல்பர்னுக்கே மகளிடம் போய்விட்டார். அவர் பெயர் போட்ட மிசினுக்குள் இப்போது அப்பளக் கட்டுகள் இருக்கின்றன. சம்பந்தியம்மா தட்டுக் கழுவிய கதையைப் பிரேமலா இன்னும் கேட்டவர்க்கெல்லாம் சொல்கிறாள். கதையில் சாந்தினி வருகிற இடம் வந்தால் மட்டும் அவளுக்கு அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்துவிடும்.