மாசானம் அண்ணாச்சியின் கடல் ஆய்வு

படகுகளில் இருக்கும் ஒயர்லெஸ்ஸுக்கு ஒரு குணம் உண்டு. பொத்தானை அழுத்தினால் வாய், விட்டால் காது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடையாது. ஒரு படகு பேசும்போது அதே அலைவரிசையில் இருக்கிற மற்ற படகெல்லாம் கேட்கத்தான் முடியும். பேசுகிறவரிடம் "ஐயா, போதும்" என்று சொல்லவும் வழியில்லை. சொன்னாலும் அவர் கருவிக்கு அப்போது காது அடைத்திருக்கும்.

இது நன்றாகத் தெரிந்திருந்தும், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகுச் சங்க அறையில் நின்று பெனிஸ்டன் மைக்கில் கத்திக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, எந்திரிங்க! ஒரே ஒருக்க எந்திரிங்க!"

"ஏலே, எதுக்குத் தொண்டைய கிழிக்க?" என்றார் சங்கச் செயலாளர் ஆன்றோ. "பேசாம உக்காந்து கேளு. நல்லாத்தான போவுது."

ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் சிணுங்கியது. "கொற்கை முத்து எடுத்துத் தாரேன்னீய. ஒரு கருவாட்டுக்குக்கூட வழியக் காணோம்."

"ஏளா தங்கம், நீயே முத்துதான," என்றது ஆண்குரல். "வீட்டுல ஒருத்தி கிடக்கா. அவளுக்கு உறுதிமொழி, உனக்கு உசுரு."

அறையில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். தருவைக்குளம் வரைக்கும் கடலில் கிடந்த படகுகளிலும் அடித்திருப்பார்கள். பொத்தான் அமுங்கிக் கிடந்ததால் அந்தச் சத்தம் யாருக்கும் வந்து சேரவில்லை.

பேசியவர் மாசானம். கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர், அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர். ஊர் ஊராகப் போய்த் தம்பதிகளைக் கைகோக்கச் சொல்லி, 'என் இல்லமே என் கோயில்' என்று உறுதிமொழி எடுக்க வைக்கிறவர். அந்த உறுதிமொழியை எழுதிக் கொடுத்தவன் அவருடைய உதவியாளன் பெனிஸ்டன்.

நடந்தது இவ்வளவுதான். கடலுக்குப் போகிறவர்களுக்கு மிதவைச் சட்டை கொடுப்பார்கள். மாட்டிக்கொண்டால் வேர்க்கும் என்று எல்லோரும் அதை மடித்துப்போட்டு மெத்தையாக்கி உட்கார்ந்துகொள்வார்கள். மாசானமும் அப்படித்தான் செய்தார். அந்த மிதவைச் சட்டையின் பையில் கை ஒயர்லெஸ் இருந்தது. அண்ணாச்சியின் எடைக்கு எந்தப் பொத்தானும் தாங்காது. படகோட்டி பின்னால் இன்ஜின் இரைச்சலில் இருந்ததால் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

'கடல் ஆய்வு' என்று கிளம்பும்போதெல்லாம் அவர் தன் செல்போனைப் பெனிஸ்டனிடம் கொடுத்துவிட்டுப் போவார். செல்போன் எங்கே இருக்கிறதோ, ஆளும் அங்கே இருப்பதாகத்தானே வரைபடம் காட்டும்? அந்தப் போன் இப்போது அடித்தது. அவர் மனைவி சுடலைச்செல்வி.

பெனிஸ்டன் வெளியே ஓடிப்போய் எடுத்தான். "அண்ணாச்சி கூட்டத்துல இருக்காவ, மதினி."

வாய் பழகிய பொய். மூச்சுவிடுவது போல வந்தது.

யாரோ பதிவுசெய்து அனுப்ப, மத்தியானத்துக்குள் அந்தப் பேச்சு ஊரில் எல்லார் செல்போனுக்கும் போய்விட்டது. கரைக்கு வந்து விஷயம் தெரிந்த மாசானம், படகோட்டியின் போனிலிருந்து கூப்பிட்டார்.

"ஏலே பெனிஸ்டன், படகுல போனது நீதான். சரியா?"

"அண்ணாச்சி, அது உங்க கொரலு..."

"என் கொரல்ல நீ பேசுனதே இல்லியா? 'வணக்கம், உங்கள் மாசானம் பேசுகிறேன்'னு வீடு வீடா போன் போச்சே, அது யாரு கொரலு? ஆன்றோவ நான் பாத்துக்கிடுதேன். கட்சி ஆபீசுக்கு வந்துரு."

நாசரேத் ஊரில் டீச்சராக இருக்கும் ஷீஜாவுக்கும் பெனிஸ்டனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று ஆராதனையில் ஐயர், அதாவது பாதிரியார், சத்தமாக அறிவிப்பார். கட்டிக்கொள்ளப் போகிறவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் சபையில் யாராவது இருந்தால் முன்கூட்டியே சொல்லட்டும் என்கிற ஏற்பாடு அது. இரண்டு ஓலை முடிந்துவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது.

கட்சி அலுவலகத்தில் செய்தியாளர்களின் மைக்குகள் குவிந்திருந்தன. மாசானம் பெனிஸ்டனின் தோளில் கைபோட்டார்.

"நம்ம தம்பிதான். வாலிப வயசு. என்னை மாதிரியே பேசிப் பழகிட்டான். கண்டிச்சிருக்கேன்."

பெனிஸ்டன் தலையைக் குனிந்துகொண்டான். அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு கேமராக்கள் நெருங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு சுடலைச்செல்வி முன்னால் வந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி.

"நீயா தம்பி? நான் என்னென்னவோ நெனச்சிட்டேனே." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவள் குரல் மாறியது. "'வீட்டுல ஒருத்தி கிடக்கா'ன்னு சொன்னியே, யாரை? அந்த நாசரேத்துப் புள்ளையவா?"

பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"காலைலருந்து அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொன்னுது. அந்தப் புள்ளைக்கும் அப்படித்தான இருக்கும்? ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கையில நானே வந்து எந்திரிச்சிச் சொல்லுதேன். கட்டுனதுக்குப் பெறவு தெரியிறத விட இப்பமே தெரியட்டும்."

"விடு, சின்னப் பய," என்றார் மாசானம்.

"நீங்க சும்மா இருங்க. ஊருக்கெல்லாம் உறுதிமொழி குடுக்கோம். இதக் கேக்கலன்னா அது என்ன உறுதிமொழி?"

அந்த உறுதிமொழியை உண்மையாகவே நம்பின ஒரே ஆள் அவள்தான் என்பது பெனிஸ்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதினவன்கூட நம்பியதில்லை.

அவன் தன் தோளிலிருந்த மாசானத்தின் கையை எடுத்து விலக்கினான்.

"மதினி, நான் படகுல போகல. கரைலதான் நின்னேன். 'எந்திரிங்க அண்ணாச்சி'ன்னு மைக்குல கத்திக்கிட்டு இருந்தேன். நீங்க போன் பண்ணப்ப கூட்டத்துல இருக்காவன்னு சொன்னதும் பொய்."

சுடலைச்செல்வி கணவனைப் பார்த்தாள். பிறகு மைக்குக்காரர்களிடம் திரும்பி, "எல்லாம் பதிவாயிட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றார்கள். "சரி," என்று சொல்லிவிட்டு அவருடைய காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கார் அவரை விட்டுவிட்டுப் போனது.

சாயங்காலம் பெனிஸ்டன் நாசரேத்தில் ஷீஜா வீட்டு வாசலில் போய் நின்றான். வேலை போயிருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட்ட தெம்பு முகத்தில் இருந்தது. கொஞ்சம் பாராட்டையும் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான்.

"நேரலைல பாத்தேன்," என்றாள் ஷீஜா. "எத்தனை வருசமா அந்த அக்காகிட்ட 'கூட்டத்துல இருக்காவ'ன்னு சொல்லிட்டு இருந்தீங்க?"

தெம்பு இறங்கிவிட்டது. "சேந்த நாள்லருந்து."

"என்கிட்ட எத்தனை தடவ 'கூட்டத்துல இருக்கேன்'னு சொல்லியிருக்கீங்க?"

"நெறைய."

"அதுல நெசமா கூட்டம் எத்தனை?"

பெனிஸ்டன் யோசித்தான். பொய் ஒன்று உடனே நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினான்.

"பாதிகூட இருக்காது. வேற பொண்ணுன்னு யாரும் இல்ல. அண்ணாச்சிக்குக் காவல் நிப்பேன். சில நாள் படம் பாக்கப் போவேன்."

ஷீஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபமும் வரவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து அவன் முன்னால் போட்டாள். அடுத்ததாகத் தனக்கு ஒன்று.

"உக்காருங்க. முதல் கூட்டத்துலருந்து ஆரம்பிங்க," என்றாள். "முழுசா கேட்டுட்டு, மூணாவது ஓலை வாசிக்கணுமா வேண்டாமான்னு நானே ஐயர்கிட்டச் சொல்லிக்கிடுதேன்."